பாதியில் நின்ற நீச்சல் குளம், போனை எடுக்காத காண்ட்ராக்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டோடு ஒரு சின்ன நீச்சல் குளம் என்பது கோவை, பொள்ளாச்சி, ஈசிஆர் பக்கமெல்லாம் இப்போது சகஜமாகிவிட்டது. ஆனால் அதைக் கட்டத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. தரைத்தொட்டி கட்டிப் பழகியவர்கள் நீச்சல் குளத்துக்கும் கொட்டேஷன் கொடுத்துவிடுகிறார்கள், சுவர் எழுப்பும் வரை சமாளிக்கிறார்கள், பைப், ஃபில்டர், வாட்டர்ப்ரூஃபிங் என்று வரும்போது திணறி நின்றுவிடுகிறார்கள். கட்டட மதிப்பீட்டாளர் என்ற முறையில் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. வழக்கு எழுதுவது வக்கீல் வேலை. அவரிடம் போவதற்கு முன் நீங்கள் என்ன செய்து வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நீலாங்கரைப் பக்கம் எங்கள் வீடு. 20க்கு 10 அடி குளம், மொத்தம் 14 லட்சம் பேசி இதுவரை 9.5 லட்சம் கொடுத்துவிட்டேன். சுவர் கான்கிரீட்டோடு வேலை நின்றுவிட்டது, நாலு மாதமாக ஆளும் இல்லை, போனும் எடுப்பதில்லை. இன்னொருவர் மீதி வேலையை 10.2 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லலாமா?

வேண்டாம், ஒரு மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். புது ஆள் வந்து ஒரு சட்டி கான்கிரீட் கொட்டிவிட்டால், பழையவர் எதுவரை செய்தார், எவ்வளவு மோசமாகச் செய்தார் என்பதற்கான சாட்சி அத்தோடு போய்விடும். அப்புறம் அவர் வந்து "நான் 11 லட்சத்துக்கு வேலை செய்திருந்தேன்" என்று சொன்னால் மறுப்பதற்கு உங்களிடம் எதுவுமே இருக்காது.

முதலில் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வக்கீல் மூலம் போனால் நல்லது, நீங்களே எழுதினாலும் தப்பில்லை. இத்தனையாம் தேதிக்குள் வேலையைத் தொடர வேண்டும், இன்ன நாளில் இருவரும் சேர்ந்து நின்று அளவெடுக்கலாம், வராவிட்டால் என்ஜினியரை வைத்து நானே அளந்து, மீதியை வேறு ஆளிடம் கொடுத்து, கூடுதல் செலவை உங்களிடம் வசூலிப்பேன், இவ்வளவுதான் விஷயம். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பி, அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள்.

அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நாளில் அளந்துவிட வேண்டும். உட்புற நீள அகலம், ஆழம், சுவர் கனம், கான்கிரீட் எந்த மட்டத்தில் நிற்கிறது, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எத்தனை எம்எம், எவ்வளவு இடைவெளியில் கட்டியிருக்கிறார்கள், சுவருக்குள் என்னென்ன பைப் விட்டிருக்கிறார்கள், சைட்டில் மிச்சமிருக்கும் சிமெண்ட் மூட்டை எத்தனை, எல்லாம் எழுத்தில் வரட்டும். ஒவ்வொரு போட்டோவிலும் டேப் தெரிய வேண்டும். சுவரின் அடி மூலையில் ஜல்லி துருத்திக்கொண்டு பொத்தல் பொத்தலாக இருந்தால், சைட்டில் தேன்கூடு என்பார்களே, அதற்குள் ஒரு கம்பியை விட்டு எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று காட்டி எடுங்கள். சும்மா தூரத்திலிருந்து எடுத்த போட்டோ எதையும் நிரூபிக்காது.

இனி கணக்கு. பலர் கொடுத்த 9.5 லட்சத்தையும் அப்படியே திருப்பிக் கேட்கிறார்கள், அது நிற்காது, ஏனென்றால் ஓரளவு வேலை உங்கள் மண்ணில் இருக்கிறது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் தரச் சொல்கிறது. என்ஜினியர் நடந்த வேலையை 6 லட்சம் என்று மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 3.5 லட்சம். 8 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய மீதி வேலைக்கு இப்போது 10.2 லட்சம் ஆகிறது, அதில் 2.2 லட்சம் அதிகம். ஆக 5.7 லட்சம். இடித்துச் செய்ய வேண்டிய பகுதி இருந்தால் அதை என்ஜினியர் இந்த மதிப்பீட்டிலேயே கழித்துக் காட்ட வேண்டும். புது ஆள் சொல்லும் தொகை நியாயமானதா என்று காட்ட, இன்னும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.

கேள்வி: வேலை நின்ற குளத்தில் மழைத் தண்ணீர் மூன்றடி நிற்கிறது. கொசு வருகிறது என்று பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். மோட்டார் வைத்து இறைத்துவிடலாமா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கடலோரமோ, ஐப்பசி கார்த்திகையில் ஊற்று மேலே வந்துவிடுகிற இடமோ என்றால் தயவுசெய்து இறைக்காதீர்கள். காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும். 20க்கு 10 அடி குளத்துக்கு, வெளியே நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்தைத் தாண்டி ஒவ்வொரு அடி ஏறும்போதும் சுமார் ஆறு டன் விசை கீழிருந்து தள்ளும். நாலடி ஏறினால் இருபத்து நாலு டன்னுக்கு மேல். டைல்ஸும் தண்ணீரும் இல்லாத வெறும் கான்கிரீட் கூட்டின் எடை அதைத் தாங்காமல் போகலாம், தரை வெடிக்கலாம், ஒரு பக்கமாகக் கிளம்பியும் விடலாம். உள்ளே நிற்கும் மழைநீர்தான் இப்போது உங்கள் குளத்தை அமுக்கிப் பிடித்திருக்கிறது. பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள், அதன் நீர்மட்டம் குளத்தின் அடிக்குக் கீழே நன்றாக இறங்கிய பிறகு இறைக்கலாம்.

கொசுவுக்குத் தனி வழி இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும், அதனால் பக்கத்து வீட்டார் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் நீங்களே போய் நிலைமையைச் சொல்லுங்கள். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதோ, புழுக்கொல்லி மருந்து ஊற்றுவதோ எதுவானாலும் அவர் சொல்கிறபடி செய்து, ரசீதையும் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவும் நஷ்டக் கணக்கில் சேரும்.

அதைவிட முக்கியம் வேலி. சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்து நாலு பக்கமும் இன்றைக்கே அடையுங்கள். ஒரு குழந்தை தவறி விழுந்தால், குளத்தைப் பாதியில் விட்டது காண்ட்ராக்டர் என்று நீங்கள் கையைக் காட்ட முடியாது. இடம் உங்களுடையது, கவனக்குறைவு வழக்கு உங்கள் மீதும் வரும். காண்ட்ராக்டர் விஷயம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இது ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாது.

கேள்வி: எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் பேசியதும் ஜிபேயில் அனுப்பியதும்தான் இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?

முடியும். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். அவர் அனுப்பிய கொட்டேஷன் ஒரு போட்டோவாக இருந்தால்கூடப் போதும், "நாளைக்கு கம்பி வருது, ஒரு லட்சம் போடுங்க" என்று அவர் அனுப்பிய வரியும், அதே நாளில் உங்கள் கணக்கிலிருந்து போன ஒரு லட்சமும் சேர்ந்து நல்ல சாட்சி. வங்கி ஸ்டேட்மெண்ட்டை வங்கியிலிருந்தே வாங்குங்கள். போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டும், முன்பு 65பி என்று சொல்வார்களே அதுதான், வக்கீலிடம் சொன்னால் தயார் செய்வார்.

ரொக்கமாகக் கொடுத்தது ஏதாவது இருந்தால், சண்டை முற்றுவதற்கு முன்பே "இதுவரை ரொக்கமாக 2 லட்சமும் ஜிபேயில் 4 லட்சமும் வாங்கியிருக்கிறீர்கள், சரிதானே?" என்று இயல்பாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். பல பேர் "ஆமாம் சார்" என்று பதில் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா? ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேட்டரிடம், அதாவது கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

வீட்டு உபயோகத்துக்கான குளம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என் முதல் யோசனை. வீடு கட்டித் தருவது சேவைக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரிலேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது, 2019 சட்டத்தின் விளக்கத்திலும் வீட்டுக் கட்டுமானம் இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று 2018இல் எமார் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். காண்ட்ராக்டர் வேறு மாவட்டமாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட உள்ள இரண்டு வருடக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். "தை பிறந்ததும் வர்றேன், தேர்தல் முடிஞ்சதும் வர்றேன்" என்று அவர் சொல்வதை நம்பியே இரண்டு வருடத்தைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. சிவில் கோர்ட்டுக்கு மூன்று வருடம்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்குள் எட்டு அறை ரிசார்ட். அதில் குளம் பாதியில் நிற்கிறது. நானும் நுகர்வோர்தானே?

பெரும்பாலும் இல்லை. வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை அந்தச் சட்டத்தில் வராது, பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு, எட்டு அறை ரிசார்ட்டுக்கு அதைக் கேட்பது கஷ்டம். 3 லட்சத்துக்கு மேல் என்றால் வணிக வழக்காகப் போட வேண்டி வரலாம், அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால் அதற்கு முன் சமரசத்துக்குப் போவது கட்டாயம். வக்கீலை முதலிலேயே பாருங்கள்.

கேள்வி: கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் ஒன்றரை லட்சம் கொடுத்தால்தான் வேலை என்கிறார். நடுவில் நாங்கள் ஆழத்தை நாலடியிலிருந்து ஐந்தடியாக்கச் சொன்னதும் உண்மை.

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தத் தொகை பேசிய வேலையில், விலை ஏறினால் கூட்டித் தர வேண்டும் என்று எழுதாதவரை, கம்பி விலை அவர் பாடு. ஆழத்தை ஒரு அடி கூட்டச் சொன்னது நீங்கள், அதற்கு மண் வெட்டு, கம்பி, கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் கூடும், அந்தக் காசு அவருக்குச் சேர வேண்டியது. கூடுதல் வேலையின் அளவைப் போட்டு, பழைய ரேட்டிலேயே கணக்குப் பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இதைக் கொடுக்காமல் இழுத்தால் வழக்கு என்று வரும்போது தப்பு உங்கள் பக்கமும் தெரியும்.

கேள்வி: போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தால் பயந்து வந்துவிடுவார் என்கிறார்கள்.

வேலையைப் பாதியில் விட்டது மட்டும் மோசடி ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சுவர் கான்கிரீட் வரை செய்தவர் விஷயத்தில் அதைக் காட்டுவது கடினம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மண்வெட்டிகூட வைக்காமல் போனவர், ஒரே மாதிரி நாலைந்து பேரிடம் வாங்கியவர் என்றால் கதை வேறு, அப்போது கட்டாயம் புகார் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் கொடுத்த செக் திரும்பி வந்தால், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி: காண்ட்ராக்டர் கடனுக்கு வாங்கிய சிமெண்டுக்கு ஹார்டுவேர் கடைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

நீங்கள் வாங்கவில்லை, பொறுப்பேற்றும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கடன் உங்களுடையது அல்ல. மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள், ஆனால் அவரிடமிருந்து பில் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சைட்டுக்கு எத்தனை மூட்டை வந்தது என்பது மதிப்பீட்டுக்கு உதவும்.

கேள்வி: குளம் முடிந்து தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. தினம் ஒரு அங்குலம் இறங்குகிறது. வெயிலில் ஆவியாகிறது, பாக்கி 2 லட்சத்தைக் கொடுங்கள் என்கிறார்.

ஆவியாவது சாதாரணமாக ஒரு நாளைக்குக் கால் அங்குலம், நல்ல வெயில் காற்றில் கொஞ்சம் கூடும். 20க்கு 10 அடி குளத்தில் ஒரு அங்குலம் என்றால் தினம் 470 லிட்டர் போகிறது. வாக்குவாதம் வேண்டாம், அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். குளத்தின் படியில் ஒரு பக்கெட்டை வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அவர் சொன்னது சரி, பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. பம்ப் ஓடும்போது ஒரு நாள், நிறுத்தி வைத்து ஒரு நாள் என்று பார்த்தால், ஓடும்போது மட்டும் அதிகம் போகிறதா என்று தெரியும். அப்படியென்றால் குளத்துக்குத் திரும்பி வரும் பைப்பைச் சந்தேகிக்கலாம். இல்லையென்றால் பைப் சுவரைத் துளைத்து வரும் இடம், லைட் பெட்டி, தரையும் சுவரும் சேரும் இணைப்பு, இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் சோதித்திருக்க வேண்டும். இனி கட்டப் போகிறவர்கள் அந்தச் சோதனைக்குப் பிறகுதான் தர வேண்டிய தவணை என்று ஒரு பெரிய தொகையை ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் காண்ட்ராக்டர். எல்லாரும் எங்களைத்தான் திட்டுகிறீர்கள். சுவர் வரை முடித்து இரண்டு பில் பாக்கி, ஓனர் இழுத்தடிக்கிறார், ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை. வேலையை நிறுத்தலாமா?

பாக்கி வராமல் நீங்கள் கைக்காசு போட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும், கேட்பது நியாயம்தான். ஆனால் சொல்லாமல் ஆட்களை அழைத்துக்கொண்டு போகாதீர்கள், போன அன்றே தப்பு உங்கள் மேல் திரும்பிவிடும். எந்த பில், எவ்வளவு, எந்தத் தேதியில் தர வேண்டியது என்று எழுதி, இத்தனை நாளில் வராவிட்டால் வேலை நிற்கும் என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுங்கள். செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட உங்களுக்கும் மூன்று வருடம் இருக்கிறது. ஓனரை வைத்துக்கொண்டே அளவெடுத்து அவரிடம் கையெழுத்துக் கேளுங்கள், போடாவிட்டால் நீங்களும் உங்கள் செலவில் ஒரு என்ஜினியரை வைத்து அளந்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் அடித்து, குழியைச் சுற்றி அடைத்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் ஆட்களை அழைத்துக்கொண்டு போங்கள்.