டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் தேர்வில், யாருமே எடுக்காத ஒரு தடுப்பாட்டக்காரர் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-லில் பேர் வாங்கிய கதை ஏதாவது உண்டா?

உண்டு. நிறையவே உண்டு. ஆனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்தான்: மால்கம் பட்லர்.

2015 பிப்ரவரியில் நான் பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ராமிங்ஹாமில் குடியிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழ் வீட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர். என்.எஃப்.எல்-லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் அன்று என்னையும் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவரை அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் எனக்கு ஆட்கள் முட்டிக்கொள்ளும் விளையாட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி கடைசி ஒரு நிமிடத்தில் பட்லர் பறித்த ஒரே பந்தில் எல்லாம் மாறிப்போயிற்று. அதற்கப்புறம் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன்.

பட்லர் பிறந்தது 1990-ல், மிசிசிப்பி மாநிலத்தில் ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க்கில். உயர்நிலைப் பள்ளியில்கூட நான்கு வருடமும் ஆடவில்லை. முதல் வருடமும் கடைசி வருடமும் மட்டும்தான். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. 2009-ல் பக்கத்திலேயே ஹைண்ட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தார். ஐந்து ஆட்டம் ஆடியிருப்பார், ஒரு பிரச்சினையில் மாட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஊருக்குத் திரும்பி பாப்பைஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், அந்தப் பொரித்த கோழிக் கடையில். இருபது வயது, கையில் ஆட்டம் இல்லை, படிப்பும் அரைகுறை. இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இவர் 2011-ல் மறுபடியும் அதே ஹைண்ட்ஸுக்குப் போய், அதே அணியில் ஆடினார். எனக்கு அந்த சூப்பர் பவுல் பந்தை விடப் பெரிய விஷயம் இதுதான். தன்னை வெளியே அனுப்பிய வாசலிலேயே திரும்பப் போய் நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

அங்கிருந்து வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகம். லிவிங்ஸ்டன் என்ற சின்ன ஊர். கல்லூரி ஃபுட்பாலில் டிவிஷன் டூ, அதாவது இரண்டாம் தட்டு. டிவியில் வராத ஆட்டங்கள். தேர்வாளர்கள் பெரும்பாலும் முதல் தட்டுக் கல்லூரிகளைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரண்டாம் தட்டில் ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் "எதிரே ஆடினவன் யார்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

2014 மே மாத டிராஃப்ட்டில் ஏழு சுற்று, 256 பேர். அதில் பட்லர் இல்லை. சரி, டிராஃப்ட்டில் விழாதவர்களுக்கு என்ன வழி? சிலரை அணிகள் உடனே போன் போட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும். அதுவும் இல்லாதவர்களில் சிலருக்கு 'டிரையவுட்' கிடைக்கும். வார இறுதியில் புதுமுகங்களுக்கு நடக்கும் முகாமுக்கு வந்து ஆடிக் காட்டலாம், பிடித்திருந்தால் எடுப்போம், இல்லையென்றால் ஊருக்குப் போகலாம். சம்பளமோ உத்தரவாதமோ எதுவும் கிடையாது. பட்லர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்குள் நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான். மே 19-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அப்புறம் கோடைக்காலம் முழுக்க ஆட்களைக் கழித்துக் கழித்து 53 பேராகக் குறைப்பார்கள். அந்த 53-லும் நின்றார்.

அவர் ஆடிய இடம் கார்னர்பேக். தடுப்பாட்டத்திலேயே தனிமையான இடம் அது. எதிரே நிற்கும் ரிசீவருக்கு, அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு, தான் எங்கே ஓடப் போகிறோம் என்று தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்பக்கமாக ஓடிக்கொண்டே, எதிராளியின் இடுப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். பத்து முறை சரியாகச் செய்தால் பந்து அந்தப் பக்கமே வராது, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு முறை தவறினால் ஊரே பார்க்கும். அந்த சீசன் முழுக்க பட்லர் முதல் வரிசையில் ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்று. எதிரணியின் பந்தை ஒரு முறைகூடப் பறித்ததில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன் நடந்த பயிற்சியில் ஒன்று நடந்தது. எதிரணியான சியாட்டில் சீஹாக்ஸ் புள்ளி எடுக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் என்ன செய்வார்கள் என்று, மாற்று ஆட்டக்காரர்களை சியாட்டில் மாதிரி ஆடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் தடுப்பவனின் வழியை மறிப்பார். பின்னால் நிற்பவர் குறுக்கே உள்ளே பாய்ந்து பந்தைப் பிடிப்பார். பட்லர் மறிப்பவரைச் சுற்றிக்கொண்டு போனார். அரை நொடி தாமதம், அவர் காவலில் இருந்த ஆள் பந்தைப் பிடித்துவிட்டார். இதில் நீ முந்தியாக வேண்டும் என்று தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசெக் அங்கேயே சொல்லிவிட்டார்.

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல். பட்லர் முதல் பாதியில் தடுப்பாட்டத்தில் இல்லை. பேட்ரியட்ஸின் இன்னொரு கார்னர்பேக் கைல் ஆரிங்டனால் கிறிஸ் மாத்யூஸ் என்ற நெட்டையான ரிசீவரைச் சமாளிக்க முடியாமல் போகவே, இரண்டாம் பாதியில் இவரை உள்ளே விட்டார்கள். நான்காம் கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த பேட்ரியட்ஸ் எழும்பி வந்து 28-24 என்று முந்தியது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். சியாட்டிலிடம் பந்து.

அப்புறம் அந்தக் கொடுமையான பந்து. சியாட்டிலில் பந்து வீசும் ரஸ்ஸல் வில்சன் உயரமாக வீசினார், ரிசீவர் ஜெர்மெய்ன் கியர்ஸ் பாய்ந்தார், பட்லரும் கூடவே பாய்ந்து கையால் தட்டிவிட்டார். பந்து மல்லாந்து கிடந்த கியர்ஸின் காலில் பட்டு, கையில் பட்டு, எகிறி, கடைசியில் அவர் பிடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. 33 யார்டு. கீழ் வீட்டுப் பெரியவர் தலையில் கை வைத்துவிட்டார். அந்தக் களேபரத்தில் ஒன்றை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. பட்லர் சட்டென்று எழுந்து, நடக்கத் தொடங்கிய கியர்ஸை, கோட்டுக்கு 5 யார்டு இருக்கும்போதே வெளியே தள்ளிவிட்டார். தள்ளாவிட்டால் கியர்ஸ் கோட்டைத் தாண்டி, ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்து சியாட்டிலின் மார்ஷான் லிஞ்ச் பந்தோடு முட்டிக்கொண்டு ஓடி, கோட்டுக்கு ஒரு யார்டு மீதம். பட்லர் அப்போது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். சியாட்டில் மூன்று ரிசீவர்களை அனுப்புவதைப் பார்த்து, பேட்ரியட்ஸ் மூன்றாவது கார்னர்பேக்கைக் கூப்பிட்டது. "மால்கம், போ!" என்ற ஒரு குரல். ஓடினார்.

மறுநாள் இன்னொரு பனிப்புயல், ஊரே அடங்கிக் கிடந்தது. பெரியவர் சமையல் மேசையில் நாலு சில்லறைக் காசை வைத்து எனக்கு விளக்கினார். முன்னால் ஒரு காசு கியர்ஸ். அதன் பின்னால் இன்னொரு ரிசீவர் ரிக்கார்டோ லாக்கெட். கியர்ஸுக்கு முகத்துக்கு நேரே பேட்ரியட்ஸின் பிராண்டன் பிரவுனர், அவருக்குப் பின்னால் பட்லர். பந்து கிளம்பியதும் பிரவுனர் காசு கியர்ஸ் காசை அப்படியே அமுக்கி நிறுத்தியது. முன்பு சியாட்டிலுக்கே ஆடியவர் பிரவுனர், அவர்கள் கை அவருக்குத் தெரியும். மறிக்க வேண்டியவர் மறிக்க முடியாமல் நின்றுபோனதால் பட்லர் காசுக்கு நேர்வழி திறந்தது. பெரியவர் அதை லாக்கெட்டுக்கு முன்னால் சர்ரென்று இழுத்தார். பயிற்சியில் சுற்றிப் போனவர் இந்த முறை சுற்றவில்லை. 26 நொடி மீதமிருக்கையில் கிளம்பிய பந்து அவர் கையில் வந்து விழுந்தது. அவர் தொழில்முறை ஆட்டத்தில் பறித்த முதல் பந்து அது.

பிறகு படிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது, இன்றுவரை எனக்கு அது தீராத ஆச்சரியம். அந்த நாலு காசும் டிராஃப்ட்டில் விழாதவை! கியர்ஸை யாரும் எடுக்கவில்லை. லாக்கெட்டை யாரும் எடுக்கவில்லை. பிரவுனரை எடுக்காமல் விட்டதால் அவர் கனடா லீக்கில் பல வருடம் ஆடிவிட்டு வந்தவர். நாலாவது பட்லர். அமெரிக்காவின் மிகப் பெரிய ஆட்டம், 32 அணிகளும் வேண்டாம் என்று விட்ட நாலு பேர் கையில் முடிந்திருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

லிஞ்ச்சிடம் பந்தைக் கொடுத்திருந்தால் சியாட்டில் ஜெயித்திருக்கும் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் என்னவென்றால், சியாட்டில் செய்த தவறாக மட்டுமே அந்த ஆட்டம் பேசப்படுகிறது. வில்சன் வீசியது மோசமான வீச்சல்ல. வழக்கமான தடுப்பாட்டக்காரர் இருந்திருந்தால் லாக்கெட் பிடித்திருப்பார். ஒருவர் தன் பிழையைத் திருத்திக்கொண்டு வந்து நின்றார் என்பதை ஏன் முதலில் சொல்லக் கூடாது?

பனியால் ஒருநாள் தள்ளிப்போன வெற்றி ஊர்வலத்துக்கு நாங்கள் போனோம். விறைக்கும் குளிர். எங்களுக்கு முன்னால் அப்பாவின் தோளில் ஒரு சிறுவன். வெள்ளைத் தாளில் பட்லரின் எண்ணான 21 என்று எழுதி முதுகில் டேப் போட்டு ஒட்டியிருந்தான். கடைகளில் பட்லர் சட்டை எங்கே இருந்திருக்கும்? இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான பேட்ரியட்ஸின் டாம் பிரேடி, தனக்குப் பரிசாக வந்த டிரக்கை பட்லருக்கே கொடுக்க வைத்தார்.

ஒரே ஒரு பந்தோடு காணாமல் போகிறவராகவும் அவர் இல்லை. அடுத்த சீசனில் எல்லா ஆட்டத்திலும் முதல் வரிசை, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுல் கௌரவம். 2017-ல் இன்னொரு சூப்பர் பவுல் வெற்றி. ஆனால் 2018 பிப்ரவரியில், பிலடெல்பியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், சீசன் முழுக்க ஆடியவரைத் தடுப்பாட்டத்தில் ஒரு முறைகூட இறக்கவில்லை. தேசிய கீதத்தின்போது அவர் கண் கலங்கி நின்றதை டிவியில் பார்த்தேன். பேட்ரியட்ஸ் 41-33 என்று தோற்றது. தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவரை ஓரத்தில் நிற்க வைத்ததுதான் மனதை அறுத்தது.

அடுத்த மாதமே டென்னசி டைட்டன்ஸ் ஐந்து வருடத்துக்கு 61 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. மூன்று சீசன் அங்கே. 2021-ல் அரிசோனா கார்டினல்ஸில் சேர்ந்தார். கிளெண்டேலில் அந்தப் பந்தைப் பிடித்தாரே, அந்த மைதானம்தான் கார்டினல்ஸின் சொந்த மைதானம். ஆனால் சீசன் தொடங்குமுன்பே ஓய்வு பெற்றுவிட்டார். 2022-ல் பேட்ரியட்ஸ் திரும்பக் கூப்பிட்டது, அவரும் போனார். காயம் குறுக்கே வந்து, அந்தச் சட்டையில் மறுபடி ஒரு சீசன் ஆட்டம்கூட ஆட முடியாமல் போயிற்று.