ஒரு வருட மெடல்

வணக்கம்.

என் கணவர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுவில் சேர்ந்து வரும் கார்த்திகையோடு ஒரு வருடம். குழுவில் அதைப் பிறந்தநாள் என்று கொண்டாடி மெடல் கொடுப்பார்களாம். குடும்பத்தோடு வாருங்கள், நீங்களும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். என் நாத்தனாரின் வீட்டுக்காரர் மண்டபம் பிடித்து, சொந்தபந்தத்தை அழைத்து விருந்தே வைத்துவிடலாம் என்கிறார். எனக்குள் உறுத்துவது வேறு. சித்திரையில் தாய்மாமன் இறந்த வீட்டில் இவர் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டார். அன்று ஒருநாள்தான். மறுநாளே மீட்டிங் போனார், அதன்பிறகு தொடவில்லை. ஆனால் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த மெடலை அவர் வாங்கலாமா? நான் அங்கே என்ன பேசுவது? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கார்த்திகையில் வாங்கக் கூடாது. நாள்கணக்கு குழுவில் சேர்ந்த தேதியிலிருந்து ஓடுவதில்லை. கடைசியாகக் குடித்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் கார்த்திகையில் அவருக்கு ஏழு மாதம். ஒரு வருடம் அடுத்த சித்திரையில்தான்.

இது கடுமையாகத் தோன்றினால், ஏ.ஏ.வின் சொந்தப் பிறந்தநாளைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவர், பில்லும் டாக்டர் பாபும், முதலில் சந்தித்தது 1935 மே மாதம். சந்தித்த கையோடு டாக்டர் பாப் குடியை நிறுத்தினார். சில வாரங்களில் மருத்துவர் மாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் போனவர் அங்கே நன்றாகக் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுவது அந்த முதல் சந்திப்பு நாளை இல்லை. சறுக்கியபின் அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான். சறுக்கியவரைத் தள்ளிவைக்கும் இடமாக இருந்தால் அந்தக் குழு முதல் மாதத்திலேயே கலைந்திருக்கும்.

குழுவில் யாரும் பரிசோதிக்க மாட்டார்கள், வருகைப் பதிவேடும் கிடையாது. எல்லாம் அவரவர் வாய்ச்சொல்தான். ஆகவே பொய்த் தேதியில் மெடல் வாங்கினால் குழுவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அவருக்குத்தான். கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் இரவில் அந்த ரகசியம் முன்பைவிடக் கனக்கும். அதை இறக்கிவைக்க அவருக்குத் தெரிந்த பழைய வழி ஒன்று இருக்கிறது.

சொல்ல வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. முதலில் ஸ்பான்சரிடம் (குழுவில் அவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரிடம்), தனியாக, பிறந்தநாள் தேதி அறிவிக்கப்படும் முன்பே சொல்லட்டும். ஸ்பான்சர் அதிர்ந்துபோக மாட்டார், இதைக் கேட்டுப் பழகியவர். அடுத்த மீட்டிங்கில் 'சித்திரையில் சறுக்கினேன், இப்போது ஏழு மாதம்' என்று அவரே சொன்னால் விஷயம் முடிந்தது. உங்கள் பங்கு, 'இந்தத் தேதிக்கு என்னால் எழுந்து நின்று பேச முடியாது' என்று வீட்டில் ஒருமுறை தெளிவாகச் சொல்வது. அதற்குமேல் துரத்த வேண்டாம். அவருக்குத் தெரியாமல் ஸ்பான்சருக்குப் போன் செய்யவும் வேண்டாம்.

கணக்கு சுழியத்துக்குப் போனால் கற்றதெல்லாம் போய்விடாது. 'ஒன்று குடித்தாயிற்று, எல்லாம் போச்சு' என்ற அந்த எண்ணம்தான் ஒரு குவார்ட்டரை ஒரு மாதக் குடியாக்குகிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் விரிவாக எழுதினார். உங்கள் கணவர் மறுநாளே மீட்டிங் போயிருக்கிறார். அதைச் செய்ய முடியாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஒருபக்கம் குழுக்களையும் சொல்ல வேண்டும்: பத்து வருடக்காரருக்கு முன்வரிசை நாற்காலி, புதியவருக்குக் கடைசி பெஞ்ச் என்று பதவிவரிசை வைக்கும் குழுவில் சறுக்கலை யார் ஒப்புக்கொள்வார்?

மெடல் எதற்கு என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டர் பாபுடன் சேர்ந்து குடிநோயாளிகளைக் கவனித்த சிஸ்டர் இக்னேஷியா, வீட்டுக்குப் போகிறவர்களின் கையில் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதாக இருந்தால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடு என்பது நிபந்தனை. குடிப்பதற்கு முன் ஒரு மனிதரைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு அது. இன்றைய மெடலையும் ஷோகேஸில் வைக்காமல் பர்ஸில், பணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே 1, 3, 6, 9 மாதங்களுக்கு டோக்கன் தரும் குழுக்களும் உண்டு, வழக்கம் இடத்துக்கு இடம் மாறும். முதல் 90 நாட்கள்தான் மிக வழுக்கலானவை என்பதால் ஆரம்பத்தில் இடைவெளி நெருக்கமாக இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. மருத்துவர்களும் 3 மாதம் முதல் 12 மாதம் வரையான மீட்சியை ஆரம்பநிலை என்றும் அதைத் தாண்டியதையே நீடித்த மீட்சி என்றும் பிரிக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு: மாலை போட்டு 41 நாள், கோயிலில் கயிறு கட்டி ஆறு மாதம். அந்த நாட்களில் பலர் உண்மையாகவே தொடுவதில்லை. சிக்கல், கணக்குக்கு முடிவுத் தேதி இருப்பது. மாலை கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடப் பிறந்தநாளும் அப்படியொரு முடிவுத் தேதியாக மாறிவிடலாம். 'ஒரு வருடம் இருந்து காட்டிவிட்டோம், இனி அளவாகக் குடிக்கலாம்' என்ற நினைப்பு அந்த வாரத்தில்தான் எட்டிப்பார்க்கும். குடியை விட மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதும், மீட்டிங்குக்கு மட்டம் போடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே பிறந்தநாளுக்கு அடுத்த இரண்டு வாரத்துக்கு எந்தெந்த நாள் மீட்டிங் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் மாலை ஒரு மீட்டிங் கட்டாயம். மருந்தை நிறுத்துவது மருத்துவர் முடிவு, காலண்டரின் முடிவு இல்லை.

மண்டப விருந்து வேண்டாம், சித்திரையிலும் வேண்டாம். நூறு பேர் கூடும் மண்டபத்தில் கார் நிறுத்துமிடத்திலோ மொட்டைமாடியிலோ குடிக்க ஒரு கூட்டம் சேரும், அது உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் கையில் இல்லை. மொய்க்கவர் வேறு. முதல் வருடத்தில் இருப்பவர் பாக்கெட்டில் திடீரென்று ரொக்கம் சேர்வது நல்லதில்லை. எல்லாரும் புகழ்ந்துவிட்டுப் போனபின் வெறிச்சென்று ஆகிவிடும் வீடும் ஆபத்துதான். உறவுகளுக்கு வேண்டுமானால் வீட்டில் மதியச் சாப்பாடு, பத்துப் பேருக்குள், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அதில் குழுவினர் ஒருவர் முகம் விழுந்தாலும் அவருடைய பெயர் மறைப்பு உடைகிறது.

குடும்பத்தினர் வர வேண்டுமென்றால் அது ஓப்பன் மீட்டிங்காக, அதாவது உறுப்பினர் அல்லாதவரும் வரக்கூடிய கூட்டமாக, இருக்க வேண்டும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான வாசிப்புகள் முடிந்தபின் பொதுவாக ஸ்பான்சர் மெடலைக் கொடுப்பார், வாங்குபவர் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். அங்கே தவறிப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: பன்னிரண்டு நிமிடம் குடித்த கதை, மூன்று நிமிடம் மீண்ட கதை. பிராண்ட், ருசி, கலவை எதையும் வர்ணிக்க வேண்டாம், கேட்பவர்களில் நேற்றுத்தான் நிறுத்தியவர் இருப்பார். அவருக்கு வேண்டியது வேறு. முதல் சம்பள நாளை எப்படிக் கடந்தார், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார், தூக்கம் வராத இரவில் யாருக்குப் போன் போட்டார், இழவு வீட்டில் எப்படிச் சறுக்கினார், மறுநாள் எப்படித் திரும்பி வந்தார். இந்தக் கடைசி இரண்டையும் சொல்ல முடிந்தால் அதைவிடப் பயனுள்ள பேச்சு அந்த அறையில் அன்று இருக்காது.

கேக் விஷயம். அவர் டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) சாப்பிடுகிறார் என்றால் ரம்மில் ஊறிய பிளம் கேக் ஆகவே ஆகாது. முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தமும் இறங்கலாம். மாத்திரையை நிறுத்தியபின்னும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. முட்டை போட்டதா என்று கேட்கும் பேக்கரியில் ரம் சேர்த்ததா என்றும் கேளுங்கள். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. இன்னொன்று: மறுபடி சறுக்கி, பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பிதற்றலும் நடுக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

உங்கள் பேச்சு மூன்று நிமிடம் போதும். பழைய கணக்குத் தீர்க்கும் இடம் அது இல்லை. அந்தக் கணக்கு நிறையவே இருக்கும், அதைச் சொல்ல அல்-அனான் என்ற, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான குழுவின் மீட்டிங் இருக்கிறது. இவர் ஸ்பான்சரிடம் சொல்கிறாரோ இல்லையோ, நீங்கள் இந்த வாரமே அங்கே போகலாம். குழுவில் பேசும்போது வீட்டில் மாறிய ஒன்றிரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள்: இத்தனை மணிக்கு வருகிறார், பிள்ளை அவரிடம் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள் என்பது போல. 'இனிமேல் குடிக்கவே மாட்டார்' என்று அவர் சார்பில் உறுதி கொடுக்க வேண்டாம், அங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. வார்த்தை வரவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.