அண்டர் 14 ஃபுட்பால் டீமுக்கு அட்டாக், டிஃபென்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஸ்கூல் டீம் பாக்குற பி.டி. சார்ங்க, பையன கிரவுண்டுக்கு கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா, ஞாயித்துக்கிழமை டீமுக்கு ஏழு பேரா செவன்ஸ் ஆடுறவங்க, யார் வேணா கேக்கலாம். முட்டி வலி, டயட், எந்த ஷூ வாங்கலாம்னு கேட்டா எனக்கு தெரியாது. ஃபார்மேஷன் (பின்னாடி, நடுவுல, முன்னாடி எத்தன பேருன்னு 4-3-3 மாதிரி நம்பர்ல சொல்றது) எதுன்னு மட்டும் தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க.

திருச்சி பி.டி.: சார், அண்டர் 14க்கு 4-3-3 நல்லதா, 4-4-2 நல்லதா?

முதல் கேள்வியே இதுவா சார்! சரி, ஒரு தடவ சொல்லிடறேன். விசில் அடிச்சு அஞ்சு நிமிஷத்துல உங்க 4-3-3 என்ன ஆகுதுன்னு பாருங்க. பந்து இருக்குற இடத்துல எட்டு பேரு நிப்பான், கோலி மட்டும் தனியா நிப்பான். பசங்களுக்கு சொல்ல வேண்டியது நம்பர் இல்ல, ஒருத்தனுக்கு ஒருத்தன் எவ்வளவு தூரம்கிறது. பந்து நம்மகிட்ட இருந்தா விரிஞ்சு நில்லு, போயிடுச்சுன்னா சுருங்கு. இந்த ரெண்டும் வந்தப்புறம் எந்த நம்பர் வேணா போடுங்க.

வேளச்சேரி அப்பா: கோச், எங்க பசங்க ரெண்டு பேரு சேர்ந்து ஒரே ஒரு பேக் (டிஃபென்ஸ் ஆடுறவன்) எதிர்ல இருந்தாக்கூட கோல் போட மாட்றாங்க. எப்பவும் கடைசில சொதப்பல்.

நல்ல கேள்வி, இத பத்தி நாள் பூரா பேசலாம். பந்து வச்சிருக்கவன் ரொம்ப சீக்கிரம் பாஸ் பண்ணிடறான், அதான் பிரச்சனை. பேக் இன்னும் நடுவுல நிக்கிறான், யார்கிட்டயும் போகல, அப்ப பாஸ் பண்ணா அவன் அப்படியே நகர்ந்து அந்தப் பக்கம் மறைச்சிடுவான், ரெண்டுக்கு ஒண்ணுங்கிற லாபம் அங்கயே போச்சு. பந்து வச்சிருக்கவன் நேரா அந்த பேக்க பாத்து ஓட்டணும், அவன் வேற வழியில்லாம நம்ம மேல வரணும், ரெண்டு மீட்டர் கேப் இருக்கும்போது பக்கத்துல தட்டி விடணும். பக்கத்துல ஓடுறவனும் ஒட்டிக்கிட்டே ஓடக்கூடாது, ஒட்டி ஓடினா ஒரே ஆள் ரெண்டு பேரையும் பாத்துக்குவான். பந்துக்கு ஒரு அடி பின்னாடியே வந்தா ஆஃப்சைடும் (பாஸ் குடுக்குற நேரம் பந்தயும், கோலிய விட்டா எதிர் டீமோட கடைசி ஆளயும் தாண்டி நிக்கிறது) ஆகாது.

கோன் வச்சு 20க்கு 15 மீட்டர் கட்டுங்க, கடைசில சின்ன கோல் போஸ்ட், டைம் ஆறு செகண்ட். பேக் பந்த புடுங்கினா அவனும் எதிர்க்க போய் கோல் போடலாம்னு ரூல் வைங்க. அப்பதான் பந்து போன அடுத்த செகண்டே திரும்பி ஓடணும்னு உங்க ரெண்டு பேருக்கும் புரியும். அட்டாக்குக்கு ஒரு நாள், டிஃபென்ஸுக்கு ஒரு நாள்னு பிரிச்சு சொல்லிக் குடுத்தா இது வரவே வராது.

அப்புறம் ஒண்ணு, லைனுக்கு வெளிய நின்னு 'பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு'ன்னு கத்தாதீங்க. பையன் வீடியோ கேம் பொம்மை இல்ல. நீங்க கத்தினா அவன் தலைய தூக்கி பாக்க மாட்டான், உங்க குரலுக்குத்தான் காத்திருப்பான்.

லெஃப்ட் பேக்: அண்ணா, விங்கர் வந்தா டேக்கிளுக்கு கால விட்டுடறேன், அவன் தாண்டிப் போயிடறான்.

கால விடாத தம்பி. வேகமா கிட்ட போ, கடைசி ரெண்டு மூணு மீட்டர்ல ஸ்பீட கொற, ஒரு பக்கமா சாஞ்சு நில்லு, முட்டிய மடக்கு, அவன டச் லைன் (கிரவுண்டோட பக்கக் கோடு) பக்கம் ஓட்டு. அவன் பந்த கொஞ்சம் நீட்டி தட்டுற நேரம் வரும், அப்ப எடு. உனக்குப் பின்னாடி நாலஞ்சு மீட்டர்ல உங்க ஸ்டாப்பர் (நடு பேக்) நிக்கலன்னா தப்பு உன்னோடது மட்டும் இல்ல, அவன்கிட்டயும் சொல்லு.

மதுரை அம்மா: பொண்ணுங்க டீமுக்கு தனி டாக்டிக்ஸ் இருக்கா சார்?

இல்லம்மா, மேல சொன்னதேதான். உங்க ஊரு சேது எஃப்.சி. 2019ல இந்தியன் விமன்ஸ் லீக்கே ஜெயிச்சாங்க.

கால்பந்து வெறியன்: தல, 3-5-2 பத்தி சொல்லுங்க.

திருச்சி சாருக்கு சொன்ன பதில படிங்க.

தாம்பரம் கோச்: நானும் பசங்க டீம் பாக்குறேன். சவுதி அரேபியா டீம் மாதிரி ஹை லைன், அதாவது பேக்குங்க எல்லாரும் நடுக்கோடு கிட்ட ஏறி நிக்கிறது, சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். எப்படி?

வேணாம்.

தாம்பரம் கோச்: என்ன சார் ஒரே வார்த்தைல! 2022 வேர்ல்ட் கப்ல அர்ஜென்டினா மாதிரி டீமயே அப்படித்தான அடிச்சாங்க?

அடிச்சாங்க, 2-1. ஃபர்ஸ்ட் ஹாஃப்ல அர்ஜென்டினா போட்ட மூணு கோல் ஆஃப்சைடுல போச்சு, அதுல லௌட்டாரோ போட்ட ஒண்ணு மயிரிழை, வி.ஏ.ஆர்.ல (வீடியோ ரெஃப்ரி) பாத்துத்தான் சொன்னாங்க. உங்க கிரவுண்டுல வி.ஏ.ஆர். யாரு? எதிர் டீம் செக்ரட்டரியோட மச்சான்தான கொடி புடிச்சு நிக்கிறாரு.

கொடி புடிக்கிறவன்: ஹலோ, நான் லைன்ஸ்மேனா நின்னிருக்கேன். எல்லாத்துக்கும் எங்கள சொல்லாதீங்க. பேக் நாலு பேர்ல ஒருத்தன் எப்பவும் பின்னாடி தங்கிடுவான், எல்லாரும் கைய தூக்கிட்டு எங்கள மொறைப்பாங்க.

இவர் சொல்றது நூத்துக்கு நூறு. கைய தூக்குனவன் ஓட மாட்டான், அதான் எனக்கு பயம்.

தாம்பரம் கோச்: அப்ப பின்னாடியே பதுங்கி நிக்க சொல்றீங்களா? பஸ் பார்க் பண்றதெல்லாம் ஃபுட்பாலா?

நீலக்குருதி: அதான! டாட்டன்ஹாம் செல்சிகிட்ட ஒன்பது பேரோட கூட ஹை லைன் விடல, அது தில்லு.

2023 நவம்பர்ல, ஆமா. 4-1 வாங்கினாங்க, கடைசில ஜாக்சன் ஹாட்ரிக். தில்லு சரிதான், ஸ்கோரையும் சேத்து சொல்லுங்க. லெஸ்டர் 2015-16ல இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஜெயிச்சது பெரும்பாலும் பின்னாடி இறங்கி நின்னு, கான்டே பந்த புடுங்கி வார்டிக்கு விட்டுத்தான். அது ஃபுட்பால் இல்லயா?

கோவப்படாம கேளுங்க சார். லைன் மேல நிக்கணுமா கீழ நிக்கணுமாங்கிறத பந்து வச்சிருக்கவன்தான் முடிவு பண்றான். அவன் மேல நம்மாளு ஒருத்தன் ஏறி நிக்கிறான், அவன் தலைய குனிஞ்சிருக்கான், இல்ல திரும்பி பின்னாடி பாஸ் குடுக்கறான், அப்ப எல்லாரும் சேந்து மேல ஏறுங்க. அவன் ஃப்ரீயா நிக்கிறான், தலை தூக்கி பாக்குறான், காலை பின்னாடி இழுக்கறான், அப்ப கொடிய நம்பாம எல்லாரும் பின்னாடி ஓடுங்க. சவுதி ஏறி நின்னது மட்டும் இல்ல, முன்னாடி வரைக்கும் ஒட்டி நின்னாங்க, நிமிந்து பாக்க நேரமே குடுக்கல. அப்படியும் கோலி ஒவைஸ் இல்லன்னா கதை வேற. உங்க ஃபார்வர்டு ரெண்டு பேரும் பந்து போனதும் இடுப்புல கை வச்சு நின்னுட்டு பேக்கு மட்டும் ஏறினா பேக்குங்களுக்கு நடுவுல பின்னாடி விடுற ஒரே ஒரு த்ரூ பால்ல கதை முடிஞ்சது. மொதல்ல இந்த ஏறு-இறங்கு பழக்கத்த கொண்டு வாங்க, ஏறி நின்னு எதிராளிய ஆஃப்சைடுல மாட்ட வைக்கிற ட்ராப் எல்லாம் பதினேழு வயசுக்கு மேல பாத்துக்கலாம்.

தாம்பரம் கோச்: இதத்தான் நானும் சொல்றேன்.

இல்ல சார், நீங்க ஹை லைன்னு சொன்னீங்க. சரி விடுங்க.

புதுசு: சார், த்ரோ-இன்ல ஆஃப்சைடு உண்டா?

இல்ல. கோல் கிக், கார்னர்லயும் கிடையாது.

சி.எஃப்.சி. ஃபேன்: கார்னர்ல ஆளுக்கு ஆள் புடிக்கணுமா, இடம் புடிக்கணுமா?

ரெண்டும். பக்கத்து போஸ்ட்லயும் ஆறு கஜ பாக்ஸ் (கோல் முன்னாடி இருக்குற சின்ன கட்டம்) முன்னாடியும் மூணு பேர் இடம் புடிக்கட்டும், நல்லா ஹெட் அடிக்கிற எதிராளிகளுக்கு மட்டும் ஒவ்வொரு ஆள். 2018 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல்ல பெங்களூரு முதல்ல கோல் போட்டும் மைல்சன் ஆல்வஸ் கார்னர்ல ரெண்டு ஹெட்டர் அடிச்சு சென்னையின் எஃப்.சி. 3-2ன்னு ஜெயிச்சத பாத்திருப்பீங்க. ஓடி வந்து எகிறுறவன நின்ன இடத்துலயே நின்னு எகிறி தடுக்க முடியாது, வழியில ஒருத்தன் குறுக்க நின்னு அவன் ஓட்டத்த கெடுக்கணும். புடிச்சு இழுக்க சொல்லல, பெனால்டி ஆயிடும்.

ஈரோடு சிங்கம்: 4-2-3-1?

...

கோவை கோலி: கோல் கிக் ஷார்ட்டா எடுத்து பின்னாடியிருந்து ஆட சொல்றாங்க கோச். எங்க கிரவுண்டு ஃபுல்லா கல்லு.

உங்க நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி எஃப்.சி. அப்படி ஆடித்தான் 2018-19 ஐ-லீக் ஜெயிச்சுது, ஆனா அது புல்லு. 2019லருந்து கோல் கிக்க பெனால்டி பாக்ஸுக்குள்ளயே நம்மாளு வாங்கலாம்னு ரூல் மாறினதும் எல்லாரும் ஷார்ட்னு கிளம்பிட்டாங்க. கல்லு கிரவுண்டுல பந்து எந்தப் பக்கம் எகிறும்னு உனக்கே தெரியாது, அதனால ஒரே ஒரு ரூல் வச்சுக்க: எதிர் ஃபார்வர்டு வாங்குறவன்கிட்ட இருந்து பத்து மீட்டருக்குள்ள நின்னா ஷார்ட் கிடையாது, விங் பக்கம் தூக்கி அடி. ஆனா தூக்கி அடிக்க முன்னாடி உங்க மிட்ஃபீல்டு மூணு பேரையும் அந்தப் பக்கம் நகர சொல்லு, கீழ விழுற ரெண்டாவது பந்து அங்கதான் கிடைக்கும். பிராக்டிஸ்ல மட்டும் ஷார்ட்டாவே எடுங்க, பசங்களுக்கு கால் பழகணும்.

தாம்பரம் கோச்: ஹை லைன் பத்தி இன்னும் ஒரு சந்தேகம்...

நாளைக்கு சார். ஆறு மணிக்கு கிரவுண்டு.