நாடிக் கருவி வாங்குவதற்கு முன் நோயாளிக் குறிப்பேட்டைச் சீர்செய்யுங்கள்

கேள்வி: திருவல்லிக்கேணியில் என் தந்தையார் நடத்திவந்த யூனானி தவாகானாவை (மருத்துவ நிலையத்தை), பி.யு.எம்.எஸ். என்னும் யூனானி மருத்துவப் பட்டம் முடித்த பின் நான் நடத்தி வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து நோயாளிகள் பலர் வாட்ஸ்அப் காணொளியிலேயே பார்த்து மருந்து அனுப்பச் சொல்கிறார்கள். நாடியைப் பதிவு செய்து, நோயாளியின் மிஸாஜ் (உடல், மன இயல்பு) இன்னது என்று அச்சிட்டுத் தரும் கருவி ஒன்றை விற்பனையாளர் ஒருவர் காட்டினார். அதை வாங்கலாமா? தந்தையார் உருதுவில் எழுதிவைத்த நுஸ்கா (மருந்துக் குறிப்பு) நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி? யூடியூபில் சிகிச்சை பற்றிப் பேசலாமா?

பதில்: கருவியை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அது சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய பதிவுகள் உங்களிடம் இன்னும் இல்லை என்பதுதான் காரணம்.

நப்ஜ், அதாவது நாடி, பார்க்கும்போது துடிப்பின் அளவு, தட்டும் வலிமை, அது நீடிக்கும் நேரம், நாளத்தின் மென்மை அல்லது கடினம், உள்ளே நிரம்பியிருக்கும் தன்மை, தொடுகையில் தெரியும் வெப்பம், இடைப்பட்ட ஓய்வு, சீர்மையும் சீரின்மையும், அந்தச் சீரின்மைக்குள் இருக்கும் ஒழுங்கு, துடிப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம் ஆகிய 10 கூறுகளைக் கவனிக்க நீங்கள் கல்லூரியிலேயே பயின்றிருப்பீர்கள். இவற்றுள் நேரத்தையும் சீரையும் சார்ந்தவற்றை மணிக்கட்டில் வைக்கும் உணரி விரலைவிடத் துல்லியமாகவே அளந்துவிடும். ஆனால் துடிப்பின் அளவும் வலிமையும் உணரியை எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும்; நாளத்தின் தன்மையையோ, விரலை அழுத்தியும் தளர்த்தியும் அறிய வேண்டியிருக்கிறது. மேலும், மிஸாஜை நாடி ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வது யூனானியின் முறையே அன்று. தொடுகை, தசையும் கொழுப்பும், முடி, நிறம், உடலமைப்பு, தூக்கம், கழிவுகள், மன இயல்பு என விரியும் அடையாளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஒரே துடிப்பலையிலிருந்து அச்சிட்டுத் தருகிறேன் என்று ஒரு கருவி சொன்னால், மற்றவற்றை அது எங்கிருந்து பெற்றது என்று கேட்பது உங்கள் உரிமை.

விற்பனையாளர் மறுபடி வந்தால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரே ஆளை உட்கார வைத்து, சில நிமிட இடைவெளியில் மூன்று முறை பதிவு செய்து, மூன்று முறையும் ஒரே மிஸாஜ் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி நான்காம் முறை பதிவு செய்யுங்கள். நடையாலும் உணவாலும் நாடி மாறும், ஆனால் ஒருவருடைய அடிப்படை மிஸாஜ் மாடிப்படியில் மாறிவிடாது. இதில் கருவி தேறினால், அதன் முடிவைப் பார்க்காமலேயே நீங்கள் எழுதும் நாடிக் குறிப்புகளோடு அதை ஒப்பிடலாம். அரும்பாக்கம் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் உங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரையும் தனியாகக் குறிப்பெழுதச் சொல்வது இன்னும் நல்லது, ஏனென்றால் இரண்டு ஹக்கீம்களின் (யூனானி மருத்துவர்களின்) விரல்களே ஒத்துப்போகாத இடத்தில் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆகவே முதற்செலவு குறிப்பேட்டுக்குத்தான். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. பதிவுகளை எப்போது வேண்டுமானாலும் அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிற எதுவும் போதும். மாதச் சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் திறக்காது என்று சொல்லும் மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நாடியின் 10 கூறுகளுக்கும் தனித்தனி இடம் இருக்கட்டும். ‘நாடி: பல்கமி’ (கபத்தன்மை உடையது) என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பின்னால் அதை எதனோடும் ஒப்பிட முடியாது. நோய்ப் பெயருக்கு, ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் உள்ள யூனானி நோய்க் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் ஆயுர்வேத, சித்த, யூனானி நோய்ச்சொற்களுக்கான பகுதியை வெளியிட்டிருப்பதால், இன்று சீராகக் குறித்துவைப்பவை நாளை ஆய்வுக்கும் உதவும். நோயாளி விரும்பினால் 14 இலக்க ஆபா (மின்னணுச் சுகாதாரக் கணக்கு) எண்ணைக் குறிக்கலாம். அது கட்டாயம் இல்லை.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம், நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் அலோபதி மருந்துகளுக்கானது. உங்களிடம் வருகிறவர்களில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மாஜூன், கமீரா ஆகிய லேகிய வகைகள், ஷர்பத் ஆகியவற்றின் பாகு பெரும்பாலும் சர்க்கரையாலோ தேனாலோ ஆனது; அதிமதுரத்தை நாள்பட எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் கூடக்கூடும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகும். இவ்விரண்டுக்கும் திரையில் சிவப்பில் எச்சரிக்கை வருமாறு அமைத்துக்கொண்டால், கூட்டம் நெரிகிற மாலை வேளையில் அது எந்த நாடிக் கருவியையும்விடப் பெரிய உதவி செய்யும்.

இனி வாட்ஸ்அப். ஆயுர்வேத, சித்த, யூனானி மருத்துவர்களுக்கான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் 2020-இல் வந்துவிட்டன; ஆகவே பதிவு பெற்ற மருத்துவர் காணொளியில் பார்ப்பது தவறில்லை. நோயாளியின் பெயரையும் வயதையும் உறுதி செய்துகொள்வது, மருந்துச் சீட்டில் உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பது, நடந்த உரையாடலையும் சீட்டையும் சேமித்துவைப்பது ஆகியவை உங்கள் பொறுப்பு. நேரில் வரச் சொல்ல எந்தக் கட்டத்திலும் உங்களுக்கு உரிமை உண்டு, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். முதல் முறை வருபவரை நேரில் பார்ப்பது, மறுமுறை வருபவர்களுக்கு மட்டும் காணொளி என்று வைத்துக்கொள்வதே முறை, ஏனென்றால் நாடி இல்லாத முதல் சந்திப்பு யூனானியில் அரைச் சந்திப்புதான். நாக்கின் படத்தையோ, கண்ணாடிக் குவளையில் எடுத்த காலைச் சிறுநீரின் படத்தையோ அனுப்பச் சொன்னால், ஃபிளாஷும் அழகூட்டும் வசதியும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கைபேசி தானாகவே நிறத்தை மாற்றுவதால், தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தையும் நம்பக் கூடாது. இந்தப் படங்கள் உங்கள் குடும்பக் கைபேசியின் புகைப்படத் தொகுப்பில் போய்ச் சேராமலிருக்க, தவாகானாவுக்கென்று தனிக் கைபேசி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்ட நாட்டில் இதை விருப்பம் சார்ந்ததாகக் கருத முடியாது.

கூரியரில் அனுப்பும் மருந்துகளில் கவனம் தேவை. குச்லா (எட்டி), பாதரசம், சங்கியா (வெள்ளைப் பாஷாணம்) முதலிய நச்சுப் பொருள்கள் மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில் உள்ளவை. அவை சேர்ந்த மருந்தின் கொள்கலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அவற்றைக் காணொளியில் மட்டும் பார்த்தவருக்கு நான் எழுத மாட்டேன்.

தந்தையாரின் நோட்டுகளை முதலில் பக்கம் விடாமல், அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். கையால் எழுதிய நஸ்தலீக் என்னும் உருது எழுத்துவடிவத்தைக் கணினி தானாகப் படித்துத் தருவதை நம்ப வேண்டாம். உருது தெரிந்த ஒருவர் தட்டச்சு செய்து, மற்றொருவர் சரிபார்ப்பதே பாதுகாப்பு. தோலா, மாஷா, ரத்தி அளவுகளை அப்படியே வைத்து, பக்கத்துப் பத்தியில் கிராமில் எழுதுங்கள். 1 தோலா 12 மாஷா, 1 மாஷா 8 ரத்தி. தோலாவைச் சிலர் 11.66 கிராம் என்றும், சிலர் முழுமையாக்கி 12 கிராம் என்றும் கொள்கிறார்கள். கஷாயச் சரக்கில் இந்த வேறுபாடு பொருட்டில்லை. ஆனால் ஒரே நுஸ்காவில் இரண்டையும் கலக்கக் கூடாது. குஷ்தாக்களை (பஸ்பங்களை) ரத்திக் கணக்கில் கொடுப்பதால், மில்லிகிராம் காட்டும் மின்னணுத் தராசு ஒன்று அவசியம். கருவிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் இதை வாங்குங்கள்.

யூடியூபில் உணவு, பருவகால ஒழுங்கு, ஹிஜாமா என்னும் குவளைச் சிகிச்சையின் தூய்மை முறை போன்றவற்றைப் பேசலாம். குறிப்பிட்ட நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்தைக் காட்டுவதுதான் சிக்கல். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், ஒளி, ஒலி, ஏன், புகையால் செய்யும் அறிவிப்பைக்கூட விளம்பரம் என்றே வரையறுக்கிறது. காணொளி அதற்குள் அடங்காது என்று வாதாட இடமில்லை. பார்வையாளர்கள் நோயைச் சொல்லி மருந்துப் பெயர் கேட்டால், அங்கே பதில் எழுதாமல் தவாகானாவின் முகவரியையும் பார்க்கும் நேரத்தையும் மட்டும் கொடுங்கள்.