எவ்வளவு என்பதைப் பிள்ளை சொல்லட்டும்

*குழந்தை நல மருத்துவரின் பதில்கள்*

என் மகனுக்கு இரண்டரை வயது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. போனை நிறுத்தினால் பட்டினி கிடப்பானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, ஈரோடு

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் போன் ஓடும்போது அவன் சாப்பிடவில்லை, விழுங்குகிறான். பசித்ததும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். நோயில்லாத பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளையில் ஈடுகட்டிவிடும்.

வீட்டார் சாப்பிடும்போதே அவனையும் உட்கார வையுங்கள். இட்லியைப் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு, அவனே எடுத்துத் தின்னட்டும். சிந்தினால் சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்ட வேண்டாம். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு, ஜூஸ் எதுவும் கூடாது. பெரும்பாலான வீடுகளில் முறுக்குதான் சோற்றின் எதிரி! முதல் சில நாள் அழுவான். அந்த நாட்களில் அப்பா, தாத்தா எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். பெரியவர்களின் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டு நேரமாக இருக்கக் கூடாது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பாருங்கள். எடை ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. நின்றுவிட்டாலோ இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வயதுப் பேத்தி சோற்றைத் தொடுவதில்லை. பால் மட்டும் ஐந்து பாட்டில் குடிக்கிறாள். பால் சத்துதானே? சத்து பவுடர் கலந்து தரலாமா?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பால் நல்லதுதான் அம்மா, அளவு மீறாத வரை. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டர் போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றைப் பால் நிரப்பிவிட்டால் இரும்புச்சத்துள்ள சாப்பாட்டுக்கு இடமிருக்காது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. ரத்தசோகை பிள்ளையின் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்தே பாதிக்கும்.

கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, மண், சாம்பல், சுண்ணாம்பு தின்கிறாளா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்வளவு பால் குடிப்பவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் மருந்து தேவைப்படும். ஐந்து வயது வரை வாரம் இருமுறை தரும் இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மலம் கறுத்துப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பருப்பு, முருங்கைக்கீரை, கம்பு, சாப்பிடும் வீடென்றால் ஈரல். கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீ வேண்டவே வேண்டாம். பவுடரும் வேண்டாம், பலவற்றில் சர்க்கரைதான் அதிகம். இவற்றை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளருக்கு மாற்றுங்கள், பல்லும் பிழைக்கும்.

மகள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சியா?
— ஒரு வாசகி, தருமபுரி

பல் கடிப்பதை வைத்துப் பூச்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் கொடுங்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு வயது வரை அதில் பாதி. சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும். வெளியே போனால் செருப்பு, சாப்பிடும் முன்னும் கழிவறை போய் வந்த பின்னும் சோப்பு. நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுங்கள்.

எந்த வயதில் பேஸ்ட் வைக்கலாம்?
— ஒரு வாசகர், மதுரை

முதல் பல் வந்ததுமே. மூன்று வயது வரை அரிசி மணி அளவு, பிறகு பட்டாணி அளவு. ஏழு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். இரவில் கட்டாயம்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். நான்கு வயது மகனுக்கு விளையாட இடமில்லை. நான் வேலை முடிந்து வர பத்து மணி ஆகிறது. அதுவரை விழித்திருக்கிறான்.
— ஒரு தந்தை, சென்னை

இந்த வயதுக்கு நாள் முழுவதிலுமாகச் சேர்த்து மூன்று மணி நேர ஓட்டம் சாட்டம் வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். கண்ணாமூச்சிக்கும் பாண்டிக்கும் கார் நிற்காத ஒரு மூலை போதும், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் சரி. துணி மடிப்பது, வெங்காயம் பொறுக்கிப் போடுவது, படி ஏறுவது இவையும் கணக்கில் வரும்.

அவன் விழித்திருப்பது உங்களுக்காக. அதனால் உங்கள் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, அரை மணி நேரம் கீழே அழைத்துப் போய்ப் பந்து விளையாடுங்கள். இரவில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் அறையில் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அவன் தூங்கியிருந்தால் எழுப்பாதீர்கள்.