கருவிழி அழற்சிக்கு எச்16.9 போட்டால் போதாதா?

கேள்வி: மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதிய நோய்களைக் குறியீட்டு எண்களாக மாற்றும் வேலை) படித்துக்கொண்டிருக்கிறேன். ரெக்கார்டில் ‘கெரடைடிஸ்’ (கருவிழி அழற்சி) என்று பார்த்தால், வகை குறிப்பிடாத கருவிழி அழற்சிக்கான எச்16.9 போடுகிறேன். சொல்லித்தருகிற சார் தப்பு என்கிறார். ஏன்?

பதில்: டாக்டர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் போட்டது சரி. ஆனால் அப்படி நிறுத்துவது அபூர்வம். கீழே நாலு வரி படித்தால் புண் இருக்கிறதா, எந்தக் கண், எதனால் வந்தது என்று எழுதியிருப்பார். எச்16.9-இல் இவற்றில் எதற்குமே இடமில்லை. வலது கண்ணா, இடது கண்ணா என்பதைக்கூட அது சொல்லாது.

எனக்கு இது வகுப்பில் புரியவில்லை, எங்கள் ஆச்சியால்தான் புரிந்தது. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பங்குனியில் பிசான நெல் தூற்றும்போது ஆச்சியின் இடது கண்ணில் உமி விழுந்துவிட்டது. முதல் நாள் விளக்கெண்ணெய் விட்டார்கள். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. பூஞ்சை பிடித்த கண்ணுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. பத்து நாள் கழித்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். புண்ணைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை. அப்புறம் வாரக்கணக்கில் நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை விட வேண்டும், ராத்திரியெல்லாம் அம்மா அலாரம் வைத்து எழுந்து விட்டாள்.

அந்தச் சீட்டை ஐசிடி-10-சிஎம் (ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பு) வைத்து நான் கோடு செய்தால் எச்16.062. எச்16.0 என்றால் கருவிழிப் புண். அடுத்த 6 பூஞ்சையைச் சொல்கிறது. கடைசி 2 இடது கண். வலது என்றால் 1, இரண்டு கண்ணும் என்றால் 3, எந்தக் கண் என்று எழுதவில்லையென்றால் 9. இதே ஆச்சிக்கு எச்16.9 போட்டிருந்தால் புண், பூஞ்சை, இடது கண் மூன்றும் ரெக்கார்டிலிருந்து காணாமல் போயிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான ஐசிடி-10-இல் எச்16.0 என்பதோடு முடிந்துவிடும். இந்த விரிவு அமெரிக்கப் பதிப்பில் உள்ளது. அங்கே அது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு பக்கத் தப்பும் உண்டு, புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்வது. ‘பூஞ்சையாக இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதியிருப்பார், நாம் எச்16.06-க்குப் போய்விடுவோம். ஓபி (வெளிநோயாளி) ரெக்கார்டில் சந்தேகத்தைக் கோடு செய்யக் கூடாது. ஸ்மியர் (சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிசல்ட் வந்து டாக்டர் உறுதியாக எழுதும்வரை, வகை குறிப்பிடாத கருவிழிப் புண்ணுக்கான எச்16.00 வரிசைதான். உமி பட்டது என்று படித்ததுமே பூஞ்சை என்று நமக்குத் தோன்றும். நெல்லைக்காரர்களுக்குக் கட்டாயம் தோன்றும். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

எல்லாக் கருவிழி அழற்சியும் எச்16-க்குள் இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வந்தது என்றால் பி00.52 (B00.52), அக்கியால் வந்த கருவிழி அழற்சி என்றால் பி02.33 (B02.33). உமி இன்னும் கருவிழியில் ஒட்டியிருந்தால் டி15.0 (T15.0) வரிசை. வெறும் கீறல் மட்டும் என்றால் எஸ்05.0.

ஆச்சிக்குப் புண் ஆறிவிட்டது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இன்றைக்கு அவள் செக்கப்புக்குப் போய், டாக்டர் ‘நடுக் கருவிழியில் தழும்பு, இடது கண்’ என்று எழுதினால் கோடு எச்17.12. பழைய சீட்டில் இருக்கிறதே என்று மறுபடியும் எச்16.062 போட்டுவிடாதீர்கள். அந்தப் புண் இப்போது இல்லை.