துலுக்கர் எல்லாம் துருக்கியரா?

கேள்வி: 'துருக்கர்' என்பதுதான் 'துலுக்கர்' ஆனது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பக்கத்துக் கூத்தாநல்லூர், பொதக்குடி முஸ்லிம்கள் துருக்கியிலிருந்து வந்தவர்கள்தானே? அந்தப் பெயரைச் சொல்வதில் என்ன தப்பு?
- வாசகர், மன்னார்குடி

பதில்: சொல் வந்த வழி சரி. அதில் ஆட்களையும் ஏற்றி அனுப்பினீர்களே, அங்கேதான் சறுக்கிவிட்டீர்கள்.

துருக்கிக் குடியரசு பிறந்ததே 1923-இல். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் மத்திய ஆசியப் புல்வெளிகளில் குதிரையோடு திரிந்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் அவர்கள் பேரரசு அமைத்தபோது இஸ்லாமே பிறக்கவில்லை. அப்புறம் முஸ்லிமாகி, படையோடு இந்தியாவுக்குள் வந்தார்கள். சமஸ்கிருதத்தில் துருஷ்கர், தெலுங்கில் துரக, கன்னடத்தில் துருக, நமக்குத் துலுக்கர். வந்தவர் நிஜத் துருக்கர்தானா என்று யார் விசாரித்தார்கள்? 1311-இல் மதுரை வரை படை நடத்திய மாலிக் கபூர், குஜராத்தில் பிடிபட்ட அடிமை. அவரும் துலுக்கர் கணக்கில்தான்!

ஐரோப்பாவிலும் இதே கூத்து. ஸ்லாவ் மொழி பேசிய போஸ்னிய முஸ்லிமும் அக்கம்பக்கத்தாருக்குத் துருக்கன்தான். போர்ச்சுக்கீசியரோ, வட ஆப்பிரிக்காவில் பிறந்த 'மூர்' என்ற பெயரைக் கப்பலில் கொண்டுவந்து இலங்கை முஸ்லிம்கள் தலையில் கட்டினார்கள். ஸ்பானியர் அதையே பிலிப்பைன்ஸில் இறக்கினார்கள்.

நம் கரைக்கு இஸ்லாம் வந்தது பெரும்பாலும் மரக்கலத்தில், அரபு வணிகரோடு. அவர்களுக்குத் தமிழ் வைத்த பெயர் சோனகர். கிரேக்கரைக் குறித்த 'யவனர்' வழியாக வந்தது. உள்ளூரில் பெண் கட்டியவர்களும், மார்க்கத்தைத் தழுவிய உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து வளர்ந்த சமூகம் அது. கூத்தாநல்லூர்க்காரர் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என்பார். துருக்கியரோ நமாஸ், ஒருச், ஜாமி, பைராம் என்பார். ஒன்றாவது ஒட்டுகிறதா?

சொல்லலாமா என்கிறீர்கள். ஸ்ரீரங்கத்தில், டில்லி சுல்தானின் மகள் என்று ஐதீகம் சொல்லும் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். அங்கே அந்தச் சொல்லில் வசை வாடையே இல்லை. டீக்கடையில் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது கதை வேறு. பலருக்கு அது சுருக்கென்று குத்துகிறது. 'எங்கள் தாத்தா அப்படித்தான் சொல்வார்' என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. முஸ்லிம் என்றே சொல்லுங்கள். ஆளைக் கூப்பிட 'பாய்' இருக்கிறது. அது இந்திச் சொல்லாயிற்றே என்று அடுத்த கடிதத்தில் அவர்களை டில்லிக்கு அனுப்பிவிடாதீர்கள்.